வானத்துச் சுவரும் வாலிபக் கிறுக்கல்களும்

காலிச் சுவரைக் கண்டால் மனிதனுக்குக் கை அரிக்கும். மலைக்கோட்டைப் பாறையில் காதலியின் பெயரைச் செதுக்குகிறவன், அரசுப் பேருந்தின் முன்சீட்டு முதுகில் சாவியால் இதயம் கீறுகிறவன், தேர்தலுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே யாரோ வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பூசி 'ரிசர்வ்' என்று எழுதிவிட்டுப் போகும் கட்சித் தம்பி, எல்லாரும் ஒரே கோத்திரம். இந்தக் கோத்திரத்தார் எழுதுவதும் பெரும்பாலும் இரண்டே சங்கதிதான். ஒன்று, சொந்தப் பெயர். இன்னொன்றை நீங்கள் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். குடும்பப் பத்திரிகை என்பதால் அதை 'அது' என்றே வைத்துக்கொள்வோம்.

விமானத்தைக் கண்டுபிடித்து, எல்லையில்லாத வானம் முழுக்கக் காலிச் சுவராகக் கிடைத்தபோது மனித குலம் அதில் என்ன எழுதியது? ஞானிகளின் வாக்கியமா, கணிதச் சூத்திரமா? முடிவை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சொந்தப் பெயரும் அதுவும்தான்.

ஆரம்பம் என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க இளைஞர் ராத்திரி நேரத்தில் விமானத்தில் தீப்பொறி பறக்கக் குட்டிக்கரணம் அடித்துக் காட்டுவார். முடிந்ததும் வானத்தில் 'குட் நைட்' என்று எழுதிவிட்டு இறங்குவார். நல்ல வளர்ப்பு. ஆனால் நல்ல வளர்ப்பை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது. அதற்கு ஓர் இங்கிலாந்துக்காரர் வர வேண்டியிருந்தது.

அவர் மேஜர் ஜாக் சாவேஜ். முதல் உலகப்போர் முடிந்த சமயம். ஜெர்மானியர்களைச் சுட்டு வீழ்த்தக் கட்டிய எஸ்.இ.5ஏ ரகப் போர் விமானங்கள் பிரிட்டனில் வேலையில்லாமல் நின்றன. அவற்றை ஓட்டிய இளைஞர்களும் அப்படியே நின்றார்கள். சாவேஜ் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, இன்ஜினின் புகைக்குழாயை வால் வரைக்கும் நீட்டினார். சூடான குழாய்க்குள் எண்ணெயைப் பீய்ச்சினால் வெள்ளை வெளேரென்று கெட்டிப் புகை வரும். போர் விமானம் பேனாவாகிவிட்டது. அகிம்சைக்கு இங்கிலாந்து செய்த அரிய பங்களிப்புகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1922 மே 31. எப்சம் மைதானத்தில் டெர்பி குதிரைப் பந்தயம். லட்சக்கணக்கானவர்கள் கையில் சீட்டை வைத்துக்கொண்டு குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே கேப்டன் சிரில் டர்னர் புகையை அவிழ்த்துவிட்டார். வானத்தில் எழுதப்பட்டது 'டெய்லி மெயில்'. ஆமாம், ஒரு பத்திரிகையின் பெயர். அன்று பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பெயர் கேப்டன் கட்டில். மேலே ஒரு கேப்டன், கீழே ஒரு கேப்டன். கீழே இருந்தவருக்குப் புல் கிடைத்தது, மேலே இருந்தவருக்குக் காண்ட்ராக்ட் கிடைத்தது.

இந்த எழுத்து வேலை பார்க்கிற அளவுக்கு லேசு இல்லை. சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில், தரைக்கு இணையாகப் படுக்கைவசத்தில் எழுத வேண்டும். படிக்கிறவன் கீழே அண்ணாந்து பார்ப்பான். எழுதுகிறவன் மேலே இருக்கிறான். அதனால் எழுத்தையெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாக மாற்றிப் போட வேண்டும். எழுதியதைத் திரும்பிப் படித்துப் பிழை திருத்தவும் வழியில்லை. ஏனென்றால் எழுதுகிறவன் அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கிறான். எந்த நொடியில் புகையைத் திறப்பது, எந்த நொடியில் மூடுவது, எத்தனை டிகிரி திரும்புவது என்று மனப்பாடம் செய்துகொண்டு குருட்டாம்போக்கில் ஓட்ட வேண்டியதுதான். காற்று நல்லபடியாக இருந்தால் சில நிமிடம் நிற்கும். இல்லாவிட்டால் கடைசி எழுத்து முடிவதற்குள் முதல் எழுத்து பக்கத்து ஊருக்குப் போய்விடும். இந்தத் தொழில் ஆங்கிலத்தில் பிறந்தது ஆங்கிலத்தின் அதிர்ஷ்டம். தமிழில் பிறந்திருந்தால் 'ஞ' முடிவதற்குள் பெட்ரோல் தீர்ந்திருக்கும்.

அதே வருடம் நவம்பரில் டர்னர் கப்பலேறி நியூயார்க் போனார். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை விற்கும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் ஜார்ஜ் ஹில், "வானத்தில் எழுதினால் எவன் நிமிர்ந்து பார்ப்பான்?" என்கிற ரீதியில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். டர்னர் தரப்பு வாய்ப்பேச்சில் நேரத்தை வீணாக்கவில்லை. மன்ஹாட்டனுக்கு மேலே முதலில் 'ஹலோ யு.எஸ்.ஏ.' என்று ஒரு வணக்கம். பிறகு, 'வாண்டர்பில்ட் 7200-ஐக் கூப்பிடுங்கள்' என்று ஒரு டெலிபோன் நம்பர். அது அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் நம்பர். யார் எழுதியது, எதற்குக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் என்ன தருவார்கள், ஒரு விவரமும் கிடையாது.

இரண்டரை மணி நேரத்தில் 47,000 பேர் கூப்பிட்டார்கள்.

இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் அசை போட வேண்டும். 47,000 பேர் வேலையை விட்டுவிட்டு, டெலிபோனைத் தேடிப் பிடித்து, "வானத்தில் போட்டிருந்தது, அதான் கூப்பிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஹோட்டலின் டெலிபோன் ஆபரேட்டர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை, வைத்திருக்க வேண்டும். மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் அட்டை என்று நம்மூர்க் கட்சிகள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் உத்தியின் பாட்டனார் இதுதான். ஹில் கையெழுத்துப் போட்டார். சிகரெட்டின் பெயரைப் புகையாலேயே எழுதினார்கள். விளம்பரத் துறையில் அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, இத்தனை நேர்மையாக எதையும் செய்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சோப்பு, குளிர்பானம் என்று ஆளாளுக்கு வந்துவிட்டார்கள். ஜெர்மனி வானத்தில் பெர்சில் சலவைத்தூள் மிதந்தது. அமெரிக்க வானத்தைப் பெப்ஸி குத்தகைக்கு எடுத்ததுபோல் வைத்துக்கொண்டது. பெப்ஸி பிற்காலத்தில் பறக்கவிட்ட 1929-ஆம் வருடத்து டிராவல் ஏர் விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதை ஓட்டி இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை வானத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் சுசான் ஆஸ்பரி ஆலிவர் என்ற பெண்மணி. இந்த வரலாற்றில் பெண்கள் மிகக் குறைவு. 'அது' பகுதியில், எனக்குத் தெரிந்தவரை, ஒருவரும் இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் எப்போதும் செய்வதைத்தான் செய்தார்கள், கமிட்டி போட்டார்கள். 1932-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வான் எழுத்தைப் பற்றி ஆராயத் தனியாக ஒரு தெரிவுக்குழு அமைத்தது. அந்த ஜனவரியில்தான் காந்தியைத் தூக்கி எரவாடா சிறையில் வைத்திருந்தார்கள். சட்ட மறுப்பு இயக்கத்தில் கைதானவர்களை வைக்கச் சிறைகளில் இடமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சாம்ராஜ்யத்தின் பிரதிநிதிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கிராமத்து வானத்தில் புகையால் விளம்பரம் எழுதலாமா, ராத்திரியில் மேகத்தின்மேல் விளக்கடித்துப் படம் காட்டலாமா என்று மெனக்கெட்டு விசாரித்தார்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்பதால் வானத்தின்மேல் அக்கறை இருக்கத்தானே செய்யும். கடைசியில் 1960-ல் சட்டம் போட்டுத் தடுத்தேவிட்டார்கள். அதற்குள் தொலைக்காட்சி வந்து விளம்பரக்காரர்களை வீட்டுக்குள்ளேயே கூட்டிப் போய்விட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவன் எதற்கு அண்ணாந்து பார்க்கப் போகிறான்? புகை எழுத்து மெல்லக் கலைந்தது.

சுவர் மறுபடியும் காலியாகிவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரத்தில் கம்ப்யூட்டர் வந்தது.

இன்றைய பயணிகள் விமானம் பெரும்பாலும் ஜி.பி.எஸ். வைத்துத் தான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று நொடிக்கு நொடி 1090 மெகாஹெர்ட்ஸில் ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டே பறக்கிறது. இதை மொட்டைமாடியில் ஒரு சின்ன ஆன்டெனா வைத்திருக்கும் யாரும் பிடிக்கலாம். 2006 வாக்கில் ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு விமானப் பைத்தியங்கள் இப்படிப் பிடித்ததைத் தொகுத்து வரைபடத்தில் காட்டத் தொடங்கினார்கள். அதுதான் ஃபிளைட்ரேடார்24. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தங்கள் மாடியிலிருந்து தகவல் அனுப்ப, எந்த விமானம் எந்த வழியாகப் போனது என்பது கோடாக விழுந்துவிடுகிறது. எண்ணெய் வேண்டாம், புகை வேண்டாம், காற்று கலைக்கும் என்ற பயமும் வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒன்றும் இருக்காது. படம் முழுக்க ஃபோனுக்குள் இருக்கும். கிறுக்கல் கோத்திரத்துக்கு வேறென்ன வேண்டும்?

2017-ஐ இந்தக் கலையின் பொற்காலம் என்பேன். பிப்ரவரியிலேயே போயிங் கம்பெனி தன் புதிய 737 விமானத்தைப் பறக்கவிட்டு வாஷிங்டன், மொன்டானா மாநிலங்களுக்கு மேலே 'மேக்ஸ்' என்று எழுதியது. சொந்தப் பெயர், வழக்கம்போல. இரண்டு வருடம் சொச்சத்துக்குள் அந்த ரக விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் இறந்தார்கள். வானத்தில் பெயரை எழுதும் நேரத்தில் சாஃப்ட்வேரை இன்னொரு முறை பார்த்திருக்கலாம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, மேலே போவோம்.

ஆகஸ்டில் அதே போயிங் 787 ட்ரீம்லைனர் ஒன்றை சியாட்டிலிலிருந்து கிளப்பியது. புதிய ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினை நெடுநேரம் தொடர்ந்து ஓட்டிச் சோதிக்க வேண்டும். 18 மணி நேரம் எங்கேயாவது பறந்தே தீர வேண்டும் என்ற நிலையில், யாரோ ஒருவர் பென்சிலை எடுத்துவிட்டார். விமானம் அமெரிக்கா முழுவதையும் தாளாக வைத்து, 22 மாநிலங்களுக்கு மேலே, தன் உருவத்தையே வரைந்தது. மூக்கு சியாட்டில் பக்கம், வால் அலபாமா பக்கம், ஒரு இறக்கை டெக்சாஸில், மற்றது மிச்சிகனில். ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குச் சென்னையிலிருந்து கிளம்பியிருந்தால் நியூயார்க்கைத் தாண்டியிருக்கும். இது புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியது. செல்ஃபி எடுப்பவர்களைத் திட்டுகிற பெரியவர்கள் இந்த விமானத்தை என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. ஏர்பஸ் சும்மா இருக்குமா? டிசம்பரில் ஒரு ஏ380-ஐ எடுத்துக்கொண்டு ஜெர்மனி முழுக்கச் சுற்றிக் கிறிஸ்துமஸ் மரம் போட்டுக் காட்டியது. உருண்டைப் பொம்மைகள் தொங்கும் மரம். நானாக இருந்தால் மார்க் போயிங்குக்குத்தான்.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், நவம்பர் 16 அன்று, அந்த வருடத்தின் காவியம் அரங்கேறியது.

வாஷிங்டன் மாநிலத்தின் விட்பி தீவில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு விமானத் தளம் உண்டு. அங்கே கிரௌலர் என்ற மின்னணுப் போர் விமானங்கள் இருக்கின்றன. எதிரியின் ரேடாரைக் குருடாக்கி, தன் பக்கத்து விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் போய்வரச் செய்வது அவற்றின் பணி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒரு விமானத்தின் விலை ஆறேழு கோடி டாலர். அன்று ஒன்றில் இரண்டு லெப்டினன்ட்கள் பயிற்சிக்குப் போனார்கள். பயிற்சி முடிந்தது, நேரம் மிச்சம். ஆகாயம் துடைத்துவிட்டதுபோல் நீலம்.

பின்னால் வெண்கோடு விழுவதைப் பார்த்துவிட்டார்கள். உயரத்தில் காற்று மைனஸ் நாற்பது டிகிரிக்கும் கீழே இருந்தால், இன்ஜினிலிருந்து வரும் நீராவி சட்டென்று பனித்துகளாக உறைந்து கோடாக நிற்கும். காற்று வறண்டிருந்தால் உடனே மறையும். ஈரமாக இருந்தால் மறையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கடற்படை அவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கும். அன்று இருவரும் வகுப்புக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும்.

பின்சீட்டுக்காரர் யோசனையை எடுத்து வைத்தார்: அதை வரையலாமே, பெரிதாக! முன்சீட்டுக்காரர் பிற்பாடு எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில், முதலில் வேண்டாம் என்றுதான் தோன்றியது, பிறகு ஏனோ செய்துவிட்டேன் என்கிறார். ஆதாம் சொன்ன அதே சமாதானம். வரைவதில் ஒரு கஷ்டமும் இல்லை, எட்டு போட்டுத் திரும்பி வந்தால் போதும் என்று அவர் கணக்குப் போட்டார். நம்மூர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் அதே எட்டைப் போட முடியாமல் கால் ஊன்றி ஃபெயிலானவர்கள் எத்தனை பேர்! இவர் ஜெட் விமானத்தில் போட்டார். அதன் பிறகு விமானத்துக்குள் நடந்த பேச்சு முழுவதும் தொழில்நுட்பம்: தண்டு எந்தப் பக்கம் போகிறது, அகலம் சரியாக இருக்கிறதா, கீழேயுள்ள இரண்டில் ஒன்று பெருத்து ஒன்று சிறுத்துவிட்டதே என்ற கவலை. அஜந்தாவில் வரைந்தவர்கள்கூட இவ்வளவு நுணுக்கம் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

முடிந்தது. ரசித்தார்கள். ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும் என்று காத்திருந்தார்கள். மறையவில்லை. ஒகனோகன் என்ற ஊர்ப்பகுதி முழுவதும் தெரிகிற மாதிரி, நல்ல வெயிலில், பளிச்சென்று நின்றது. பதறிப்போய் அதன் ஊடாகவே பறந்து கலைத்துவிடப் பார்த்தார்கள். ஜெட்டால் வரைந்ததை ஜெட்டால் அழிக்கப் போனால் என்ன ஆகும்? இன்னும் ஒரு கோடு விழும். அதற்குள் எரிபொருள் குறைந்துகொண்டு வந்தது. படத்தை அப்படியே விட்டுவிட்டுத் தளத்துக்குத் திரும்பினார்கள்.

கீழே ஜனங்கள் ஃபோனை எடுத்தார்கள். ஒரு தாய், இது என்ன என்று என் பிள்ளைகள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று உள்ளூர்த் தொலைக்காட்சியிடம் முறையிட்டார். தொலைக்காட்சி விமானப் போக்குவரத்துத் துறையைக் கேட்டது. பறப்பதில் ஆபத்து இருந்தால் நாங்கள் கேட்போம், ஒழுக்கத்துக்குக் காவல் நிற்பது எங்கள் வேலை இல்லை என்று அவர்கள் கை கழுவினார்கள். கடற்படை மன்னிப்புக் கேட்டது. இந்தப் பறத்தலில் பயிற்சி மதிப்பு எள்ளளவும் இல்லை என்றும் அறிக்கை விட்டது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவ்வளவு பெரிய ஒரு வடிவத்தை அந்த வேகத்தில் போடுவது பயிற்சி இல்லையென்றால் வேறு எது பயிற்சி?

நம்மூர் ஆர்.டி.ஐ. மாதிரி அங்கேயும் ஒரு தகவல் சட்டம் இருக்கிறது. அதை வைத்து 'நேவி டைம்ஸ்' பத்திரிகை 2019-ல் விசாரணை அறிக்கையையும் விமானத்துக்குள் பதிவான உரையாடலையும் வாங்கி வெளியிட்டுவிட்டது. உரையாடல் முழுசாக இருக்கிறது. இருவரின் பெயர்கள்மேல் மட்டும் கறுப்பு மை. வானத்தில் சொந்தப் பெயரை எழுதியவர்களை உலகம் மறந்துவிட்டது. அதை வரைந்து பெயரை மறைத்தவர்களை மறக்கவே மாட்டேன் என்கிறது. பாடம் கற்றார்களா? 2018 அக்டோபரிலேயே கலிபோர்னியாவில் சால்டன் ஏரிக்கு மேலே மரைன் படையைச் சேர்ந்த இருவர் ஒரு பயிற்சி விமானத்தில் அதையே வரைந்தார்கள்.

பிற்பாடு வந்தவர்கள் கொஞ்சம் அடக்கமானவர்கள். 2020 ஜூலையில் கான்டாஸ் தன் கடைசி 747-ஐ விடைகொடுத்து அனுப்பியது. கொரோனா வந்து அதன் ஓய்வை முன்னுக்கு இழுத்துவிட்டது. கேப்டன் ஷாரெல் க்வின் அதை ஓட்டிக்கொண்டு சிட்னிக்குக் கிழக்கே கடலின்மேல் ஒரு கங்காருவைப் போட்டுவிட்டு, அப்படியே அமெரிக்கா பக்கம் திரும்பினார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்பு ஜெர்மனியில் இருபது வயதுப் பையன் ஒருவன் தடுப்பூசி வரப்போவதை ஊருக்கு நினைவூட்ட ஊசி ஒன்றை வரைந்தான். 2023 பிப்ரவரி 1 அன்று உலகின் கடைசி 747, வரிசையில் 1574-ஆவது, வாடிக்கையாளரிடம் போகிற வழியில் ஒரு கிரீடத்தையும் '747' என்ற எண்ணையும் எழுதிவிட்டுப் போனது. கடைசி மூச்சிலும் சொந்தப் பெயர்.

இத்தனை பேரில் என் பரிசு யாருக்கு என்று கேட்டால், 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே பறந்த பயிற்சி விமானிக்குத்தான். புதிதாகப் பொருத்திய இன்ஜினைப் பழக்குவதற்காக, எங்கேயும் போகாமல் மணிக்கணக்கில் சும்மா சுற்றி வரும்படி வேலை. சுற்றினார். வரைபடத்தில் பெரிய எழுத்தில் விழுந்தது: 'எனக்கு போரடிக்கிறது.' பக்கத்தில், கோத்திர தர்மத்தை விடாமல், அது இரண்டு. நூறு வருட வான் எழுத்தில் உள்ளதை உள்ளபடி சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கு ராத்திரியே ஆப்பை இறக்கி, சென்னைக்கு மேலே ஒரு விமானம் முட்டை முட்டையாகச் சுற்றுவதைப் பார்த்து, "ஆஹா, ஓவியம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அது இறங்குவதற்கு முறை வரும்வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. போகியன்று விடியற்காலை என்றால் விமானிக்குக் கலை ஆசை அறவே கிடையாது. கீழே நாம் கொளுத்திய பாயும் டயரும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்திருக்கும். 2018 போகிக்கு அப்படித்தான், சென்னையில் இறங்க வேண்டிய பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.